கையில் ஆயிரம் ரூபாய், திரையில் ஒரு புள்ளி... தென்காசியிலிருந்து தண்ணீர் வழியே ஒரு புதையல் தேடல்!

குற்றாலம் பேரருவியின் முன்னால் நிற்கும் கூட்டத்தில் எல்லோருடைய கண்ணும் மேலே இருக்கும். அருவி விழுகிற உயரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் எண்ணெய் தேய்த்த தலையோடு உள்ளே போவார்கள். அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செல்போன் திரையையும் பக்கத்துப் பாறையையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றால், அவர் ரீல்ஸ் எடுக்க இடம் தேடுகிறார் என்றுதான் நினைப்போம். அவர் தேடுவது ஒரு டப்பாவாகவும் இருக்கலாம். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் விளையாடும் அந்த விளையாட்டின் பெயர் 'ஜியோகேச்சிங்'.

யாரோ ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்கோ ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு தேடிப்போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் சின்ன நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளே பொம்மை, சாவிக்கொத்து ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாக ஒரு பொருளை வைக்க வேண்டும். பரிசும் கிடையாது, பணமும் கிடையாது.

தொடங்கிய கதையே சுவாரஸ்யமானது. ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் சொத்து. பொதுமக்களுக்குக் கிடைக்கும் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். 2000-ம் ஆண்டு மே 2-ம் தேதி அந்தப் பிழையை நீக்கினார்கள். ஒரே நாளில் ஜிபிஎஸ் கருவிகள் பல மடங்கு துல்லியமாகிவிட்டன. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகான் மாகாணத்தின் பீவர்க்ரீக் என்ற இடத்துக் காட்டில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியை வைத்து, அதன் இருப்பிடத்தை இணையக் குழுவில் அறிவித்தார். வாளிக்குள் புத்தகம், மென்பொருள், கவண், ஒரு டின் பீன்ஸ்! மூன்று நாளுக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென்றே ஓர் இணையதளம் தொடங்கினார். அதன்பிறகு விளையாட்டு நிற்கவேயில்லை.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண் உண்டு. கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒன்று, போய்ச் சேருவது எவ்வளவு கடினம் என்பதற்கு இன்னொன்று. இரண்டுமே ஒன்றிலிருந்து ஐந்து வரை. போய்ச் சேர்வதில் ஐந்து வாங்கிய பெட்டி என்றால் படகு வேண்டும், அல்லது மலையேறும் கயிறு வேண்டும், அல்லது ஆக்சிஜன் சிலிண்டரோடு முங்க வேண்டும். ஏரி நடுவே இருக்கும் தீவு, ஆற்றின் மறுகரைப் பாறை, அணைக்குப் பின்னால் ஒதுங்கிக்கிடக்கும் கரை... இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு விளையாட்டுக்காரர்களிடம் தனி மவுசு. வருடக்கணக்கில் யாருமே கையெழுத்துப் போடாத நோட்டுகள் அவற்றில்தான் இருக்கும்.

மேல்நாடுகளில் இதற்கென்றே வாடகைக்குக் கயாக் படகு எடுக்கிறார்கள். காற்றடைக்கும் படகை காரில் போட்டுக்கொண்டு போகிறார்கள். நம்மூரில் மாதக் கடைசியில் அப்படியெல்லாம் கிளம்ப முடியுமா? ஓர் அண்ணனும் தங்கையும் தென்காசி ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள், ஆளுக்கு ஆயிரம் ரூபாய்தான் கையில் என்று வைத்துக்கொள்வோம். மலையும் காடும் அருவியும் அணையும் ஒரு மணி நேர தூரத்துக்குள் இருக்கும் இந்த ஊரிலிருந்து, தண்ணீரைத் தாண்டி ஒரு புள்ளிக்குப் போக அவர்களால் முடியுமா?

முடியும். ஆனால், செலவாகப்போவது பணம் மட்டுமில்லை.

அருவிக்கரையில் ஏன் பெட்டி வைக்கக் கூடாது?

இந்தியாவின் வரைபடத்தை இந்த விளையாட்டின் ஆப்பில் திறந்தால் முதலில் கண்ணில் படுவது வெறுமைதான். ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்தில் எறும்பு மொய்த்ததுபோலப் புள்ளிகள் இருக்கும். நமக்கோ மாவட்டத்துக்கு ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். உடனே நம்மவர்களுக்குத் தோன்றும் யோசனை, 'நாமே ஒண்ணு வெச்சா என்ன?' என்பதுதான். பேரருவிக்கு மேலே செண்பகாதேவி, அதற்கும் மேலே தேனருவி. பெயரைக் கேட்டாலே புதையல் இருக்கும்போல் தோன்றுகிற இடங்கள்.

அங்கேதான் முதல் தடை. செண்பகாதேவி, தேனருவி இரண்டும் வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருப்பவை. சுற்றுலாப் பயணிகள் இஷ்டத்துக்கு ஏறிப்போக முடியாது. தடை வனத்துறையுடையது மட்டுமல்ல, விளையாட்டின் சொந்த விதியும் அதையேதான் சொல்கிறது. நிலத்துக்கு உரியவரின் அனுமதியில்லாமல் பெட்டி வைக்கக் கூடாது, மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, இரண்டு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும். முக்கியமான விதி இன்னொன்று உண்டு. வைத்தவர் அடிக்கடி போய்ப் பராமரிக்க முடிகிற தூரத்தில் இருக்க வேண்டும். சீசனுக்கு வந்தவர் ஒரு டப்பாவை ஒளித்துவிட்டு மறுநாள் சென்னைக்கு ரயிலேறினால், அந்தப் பெட்டியை வழக்கமாகத் தளத்தில் ஏற்கவே மாட்டார்கள். பராமரிக்க ஆளில்லாத பெட்டி, காட்டில் கிடக்கும் இன்னொரு பிளாஸ்டிக் குப்பைதானே.

இரண்டாவது தடை, தண்ணீர். 2024-ம் ஆண்டு மே 17-ம் தேதி பழைய குற்றாலம் அருவியில் நடந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். ஜூனில்தான் சீசன் தொடங்கும் என்று நினைத்திருந்த நேரத்தில் மலையில் கொட்டிய கோடை மழை திடீர் வெள்ளமாக இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அருவிக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் மேலே மலையில் மழை பெய்திருக்கலாம் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். தெளிவாக விழும் தண்ணீர் கலங்கி செம்மண் நிறமானால், சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தால், வேறு அறிவிப்புக்குக் காத்திருக்கக் கூடாது. "தண்ணி கூடிட்டு, எல்லாரும் மேல ஏறுங்க" என்று போலீஸ்காரர் விசில் ஊதும்போது "இன்னும் ரெண்டே நிமிஷம் சார்" என்று கெஞ்சுகிறவர்கள் எல்லா சீசனிலும் இருக்கிறார்கள்.

அருவியை ஒட்டிய பாறை இடுக்கில் ஒரு பெட்டி இருந்தால், அது அந்த இரண்டு நிமிடத்தை இருபது நிமிடமாக்கும். பள்ளத்தாக்கில், மரக்கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் தடுமாறும். திறந்த வெளியில் மூன்று, நான்கு மீட்டருக்குள் காட்டுகிற போன், மலைச்சுவர் ஓரத்தில் பத்து, இருபது மீட்டர் தள்ளிக் காட்டும். அந்த இருபது மீட்டருக்குள் வழுக்குப் பாறையும் ஓடும் தண்ணீரும் இருந்தால் தேடுகிறவர் எங்கே காலை வைப்பார்?

பெட்டி இல்லாத புதையல்

இதற்கு ஒரு மாற்று அந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2004-ல் அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் துணையோடு 'எர்த்கேச்' என்ற வகை வந்தது. இதில் டப்பா கிடையாது, நோட்டும் கிடையாது. இடத்துக்குப் போய், அங்கே இருக்கும் பாறையையோ அருவியையோ பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்பினால் போதும். எதையும் விட்டுவர வேண்டாம், எடுத்துவரவும் வேண்டாம். குற்றாலம் மாதிரி ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வகை இல்லை.

பேரருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். ஆனால், தண்ணீர் அத்தனை உயரத்திலிருந்து நேராகத் தலையில் விழுவதில்லை. நடுவில் 'பொங்குமாகடல்' என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கி வழிந்து, வேகம் தணிந்துதான் கீழே வருகிறது. சின்னக் குழந்தைகூட ஓரமாக நின்று குளிக்க முடிவதற்குக் காரணம் அந்தப் பள்ளம்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீரும் அது உருட்டிவந்த கல்லும் குடைந்த பள்ளம் அது. இந்த மலைத்தொடரின் தெற்குப் பகுதியில் பரவலாகக் கிடப்பது சார்னோகைட் என்ற கடினப் பாறை. அந்தப் பெயரே ஒரு கல்லறையிலிருந்து வந்தது என்பது கொசுறுத் தகவல். கொல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்படும் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறை. அது சென்னைப் பல்லாவரம் பக்கத்திலிருந்து போனதாகச் சொல்கிறார்கள் புவியியலாளர்கள்.

'அருவி ஏன் இரண்டு கட்டமாக விழுகிறது?', 'ஐந்தருவியில் தண்ணீர் எங்கே பிரிகிறது?' என்று கேள்வி வைத்தால் பதில் தேடி நிற்கிறவர் பாதுகாப்பான தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லலாம். அப்படிப் பார்க்க விலை எதுவும் இல்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் ஏறினால் தங்கைக்கு டிக்கெட்டே கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அந்தப் பயணம் இலவசம். அண்ணன் மட்டும் சில்லறையை எடுக்க வேண்டும்.

தேடிப்போவது இந்த மலைக்குப் புதிதும் அல்ல. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் வேறென்ன செய்கிறான்? காணாமல்போன சிங்கியைத் தேடித்தானே அலைகிறான். அவனிடம் ஜிபிஎஸ் இல்லை.

காலால் மிதித்தால் படகு

தண்ணீர் வழிப் பயணத்தைக் குறைந்த செலவில் பழகிப்பார்க்க, ஐந்தருவி போகும் சாலையில் வெண்ணமடைக்குளம் இருக்கிறது. சுற்றுலாத் துறையின் படகுக் குழாம். சீசனில் குளம் நிறைந்ததும் மிதிபடகும் துடுப்புப் படகும் ஓடத் தொடங்கும். காலால் மிதிக்கிற படகு பெரிய சாகசமில்லைதான், சிரிப்பாகக்கூடத் தோன்றலாம். ஆனால், இந்த விளையாட்டில் முதன்முறை படகில் உட்காருகிறவர் கற்றுக்கொள்ள வேண்டிய எல்லாமே இங்கே கிடைக்கும். படகு நேராகப் போகாது, காற்று தள்ளும். திரையில் காட்டும் அம்பு, நின்றுகொண்டிருக்கும்போது குழம்பும், நகர்ந்தால்தான் திசை சொல்லும். எழுந்து நின்று போட்டோ எடுத்தால் படகு ஆடும். ஈரக்கையோடு டச் ஸ்கிரீன் வேலை செய்யாது.

கணக்குக்கும் இது நல்ல இடம். குற்றாலம் ஏறத்தாழ வடக்கு 8 டிகிரி 56 நிமிடம், கிழக்கு 77 டிகிரி 16 நிமிடத்தில் இருக்கிறது. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது சுமார் 1.85 கிலோமீட்டர். எனவே 'டிகிரி, நிமிடம்' மட்டும் தெரிந்தால் ஊரைக் கண்டுபிடிக்கலாம், டப்பாவைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் பெட்டிகளின் இருப்பிடத்தை நிமிடத்துக்குப் பிறகு மூன்று தசம இலக்கம் வரை தருகிறார்கள். அந்தக் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நகர்ந்துவிடும். படிக்கிற பிள்ளைகளுக்குப் புவியியல் புத்தகத்தில் வராத ருசி இதில் வரும்.

பெரிய கருவி எதுவும் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் ஸ்மார்ட்போனே போதும். விளையாட்டின் அதிகாரபூர்வ ஆப், இலவசக் கணக்கில் எல்லாப் பெட்டிகளையும் காட்டாது. ஆண்ட்ராய்டில் 'சி ஜியோ' என்ற இலவச ஆப் இருக்கிறது. வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும். மலைக்குள் நுழைந்ததும் "அண்ணே, டவர் போச்சு" என்பதுதான் முதல் வசனமாக இருக்கும். போனுக்குக் கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் உறை, மாற்றுத்துணிக்கு இரட்டைப் பாலிதீன் பை, நூறு ரூபாய்க்குக் குறைவாகவே முடிந்துவிடும். பைகளைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவருவது தனி விஷயம். வனச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கைச் சோதிப்பார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ விடுமுறைக்கு வரும்போது 'எமர்ஜென்சிக்கு ஆகும்' என்று செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் போன்ற கருவியைக் கொண்டுவருவதாகச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. இந்தியாவில் அதற்கு முன் அனுமதி தேவை. அனுமதியில்லாமல் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் பிடிபட்டு வழக்குவரை போயிருக்கிறார்கள்.

மலையைக் குடைந்துபோகும் ரயில்

மிதிபடகில் மனம் நிறையாதவர்களுக்கு அடுத்த தண்ணீர், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தென்காசியிலோ செங்கோட்டையிலோ கொல்லம் போகும் ரயிலில் ஏறினால், பகவதிபுரம் தாண்டி, சுரங்கத்துக்குள் நுழைந்து, கேரளாவின் ஆரியங்காவில் வெளியே வரலாம். 1904-ல் மீட்டர் கேஜில் தொடங்கிய பாதை இது. அகலப்பாதையாக மாறி 2018-ல் மறுபடி முழுமையாகத் திறந்தது. கழுதுருட்டி பக்கத்தில் வரும் 13 கண் பாலத்தைப் பார்க்க ஜன்னலோரத்தில் இடம் பிடிப்பவர்கள் இன்றும் உண்டு. முன்பதிவில்லாத பெட்டியில் தென்மலா வரை போக, குற்றாலத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் காசுகூட ஆகாது.

தென்மலாவில் இருக்கிறது பரப்பாறு அணை. கல்லடையாற்றின் குறுக்கே கட்டியது. அணையின் நீர்த்தேக்கம் செந்துருணி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் கைவிரல்கள்போலப் பிரிந்து நுழைகிறது. செங்குறிஞ்சி என்ற மரத்தின் பெயரால் அமைந்த சரணாலயம் இது. அந்த மரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. இங்கே வனத்துறை படகு ஓட்டுகிறது. ஒரு படகைத் தனியாக வாடகைக்கு எடுக்காமல், டிக்கெட் வாங்கி மற்றவர்களோடு உட்கார்ந்து போகலாம் என்பதால் ஆயிரம் ரூபாய்க்காரர்களுக்கும் கட்டுப்படியாகும். கரையில் யானை நின்றால் அதிர்ஷ்டம். நிற்காவிட்டாலும், தண்ணீரில் பாதி முங்கி நிற்கும் மொட்டை மரங்களைப் பார்த்தாலே அணைக்கு முன்னால் இங்கே காடு எப்படி இருந்திருக்கும் என்று புரியும்.

படகிலிருந்து நினைத்த கரையில் இறங்க முடியாது. ஓட்டுநர் நிறுத்துகிற இடம்தான் இடம். 'அந்தத் திட்டில் ஒரு நிமிஷம் நிறுத்துங்க சேட்டா' என்று கேட்டால் சிரித்துக்கொண்டே மறுப்பார். இது புலியும் யானையும் இருக்கும் சரணாலயம். அதனால் இங்கேயும் விளையாடக் கூடியது பெட்டியில்லாத ஆட்டம்தான். தண்ணீர் மட்டம் கரையில் விட்டுப்போன கோடுகளை எண்ணுவது, பாறையின் நிறம் மாறும் இடத்தைக் குறித்துக்கொள்வது, அந்த இடத்தின் இருப்பிடத்தைப் பதிந்துகொள்வது...

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் மட்டும் சமாதானமே கூடாது. வேர்க்கிறது, அழுக்காக இருக்கிறது, போட்டோவில் நன்றாக இல்லை என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறவர்கள் அதிகம். 2009 செப்டம்பர் 30-ம் தேதி தேக்கடியில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அந்தப் பயணத்திலும் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான். ஜாக்கெட் தராத படகு என்றால், டிக்கெட் காசு போனாலும் ஏறாமல் திரும்பிவிட வேண்டும். இந்த வழித்தடத்தில் ரயில்கள் குறைவு. திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் படகு டிக்கெட்டே எடுக்க வேண்டும்.

அணைக்கு அந்தப் பக்கம்

தண்ணீரைத் தாண்டினால்தான் போக முடியும் என்ற இடம் இந்த வட்டாரத்தில் எது என்று பெரியவர்களிடம் கேட்டால், குற்றாலத்தையும் தென்மலாவையும் சொல்ல மாட்டார்கள். 'பாணதீர்த்தம்' என்பார்கள்.

தென்காசியிலிருந்து கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம், அங்கிருந்து பாபநாசம். ரயிலில் போனாலும் அம்பாசமுத்திரத்தில் இறங்கிக்கொள்ளலாம். வழியில் வரும் கடையம் பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். பாபநாசத்தில் வனச் சோதனைச் சாவடியைத் தாண்டி மேலே ஏறினால் காரையாறு அணை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும்வரை இரண்டும் ஒரே நெல்லைச் சீமைதான். இப்போது அணை திருநெல்வேலி மாவட்டக் கணக்கில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்து குடில்போட்டுத் தங்கியவர்களுக்கு இந்தப் பாதை மனப்பாடம்.

அணையின் முழுக் கொள்ளளவு 143 அடி. நீர்த்தேக்கத்தின் மறுகோடியில், பொதிகையிலிருந்து இறங்கிவரும் தாமிரபரணி அருவியாக விழும் இடம் பாணதீர்த்தம். ராமர் பாணம் விட்டு உண்டாக்கிய தீர்த்தம் என்பது தலக்கதை. ஒரு காலத்தில் அணைக்கரையில் படகுகள் காத்திருக்கும். ஆள் சேர்ந்ததும் கிளம்பும். இருபுறமும் காடு, நடுவில் பச்சைத் தண்ணீர், முன்னால் தூரத்தில் வெள்ளைக் கோடாக அருவி. படகு நெருங்க நெருங்க சத்தம் பெரிதாகும். இறங்கிக் குளித்துவிட்டு அதே படகில் திரும்பலாம். நெல்லை, தென்காசிப் பக்கம் நாற்பது வயதைத் தாண்டியவர்களின் பள்ளிச் சுற்றுலா ஆல்பத்தில் அந்தப் படகு நிச்சயம் இருக்கும். குறைந்த செலவில், தண்ணீர் வழியாக, தூரத்துப் புள்ளி ஒன்றுக்கு. இந்த ஊர்க்காரர்கள் விளையாட்டின் பெயர் தெரியாமலேயே அதை ஆடியிருக்கிறார்கள்.

அந்தச் சுற்றுலாப் படகுகள் நின்று பல வருடங்களாகிவிட்டன. அணையைச் சுற்றியிருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். தடை வந்தபோது வருத்தப்பட்டவர்களின் வருத்தம் நியாயமானதுதான். ஒரு தலைமுறைக்கே அந்த அருவி போட்டோவில் பார்க்கும் பொருளாகிவிட்டது. ஆனால், அருவிக்கரையில் சேர்ந்த சோப்பு உறையும் பழைய துணியும் பாட்டிலும் எந்தத் தண்ணீரில் கலந்தன? கீழே தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிற தண்ணீரில். படகு நின்றதில் ஆறு இழந்தது எதுவும் இல்லை.

சுற்றுலாவுக்குத்தான் படகு நின்றது. அணைக்கு அப்பால் வாழ்கிறவர்களுக்குத் தண்ணீரைக் கடப்பது பொழுதுபோக்கு இல்லை. காட்டின் உள்ளே இஞ்சிக்குழி என்ற காணிப் பழங்குடியினரின் சிறு குடியிருப்பு இருக்கிறது. ரேஷன், மருத்துவம், பள்ளி எதுவானாலும் மலை இறங்கி, நீர்த்தேக்கத்தைத் தாண்டி வரவேண்டிய இடம்.

2021-ல் அந்த இஞ்சிக்குழி செய்திகளில் வந்தது. அங்கே தனியாக வசித்த, 110 வயது என்று சொல்லப்பட்ட ஒரு மூதாட்டிக்கு மாவட்ட நிர்வாகம் முதியோர் உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்திருந்தது. மாதம் ஆயிரம் ரூபாய். உத்தரவு வந்துவிட்டது, பணமும் வந்துவிட்டது. யார் கொண்டுபோய்க் கொடுப்பது? பாபநாசம் மேலணையில் உள்ள சிறு கிளைத் தபால் நிலையத்தின் போஸ்ட் மாஸ்டர்தான் போனார். மாதம் ஒருமுறை. காரையாறு அணையைப் படகில் கடந்து, பிறகு பத்துக் கிலோமீட்டர் அளவுக்குக் காட்டுப் பாதையில் நடந்து. மற்ற நாட்களில் தபால் நிலைய வேலை இருக்கும் என்பதால் அவர் இதற்காகத் தேர்ந்தெடுத்தது ஞாயிற்றுக்கிழமையை.

நம் அண்ணன், தங்கையின் பயணத்துக்கும் அதே ஆயிரம் ரூபாய்தான். அவர்களுக்கு அது செலவுக் கணக்கு, அவருக்கு அது ஒப்படைக்க வேண்டிய தொகை. அந்தப் பாதையில் அட்டையும் கரடியும் யானையும் உண்டு. அணையில் தண்ணீர் குறைந்துவிட்டால் படகு ஒதுங்கும் இடம் தள்ளிப்போகும், நடை கூடும். மழைக்காலத்தில் நடுவே ஓடும் சிற்றாறுகள் வேறு பெருகும். காலையில் கிளம்பினால் ஒரு நாள் முழுக்க அதற்கே போய்விடும். ஜிபிஎஸ் புள்ளி எதுவும் அவருக்குத் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

காரையாறு போகும் பேருந்துகள் எண்ணிக்கையில் குறைவு. மாலைக்குமேல் வனச் சாவடி வழியாக வெளி ஆட்கள் உள்ளே போக முடியாது. காலையில் சீக்கிரம் பாபநாசம் வந்துவிட்டால், சாவடியில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிட்டு ஏறலாம். அணைக்கரையில் நின்றால் எதிரே தண்ணீர் நீண்டு போய் மலையின் மடிப்புக்குள் மறைவது தெரியும். அந்த மடிப்புக்குப் பின்னால்தான் பாணதீர்த்தம். அதற்கும் பின்னால் இஞ்சிக்குழி. திரையில் இரண்டு விரல் அகலத்தில் அடங்கிவிடுகிற தூரம். தங்கை போனை உறைக்குள் போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்கலாம். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று அண்ணன் விசாரித்துவிட்டு வரும்வரை நேரம் இருக்கிறது.